சுவிட்சை அணைத்தால் போதுமா?

தீபாவளிக்கு வீட்டைப் புதுப்பிக்கும்போது பலர் முதலில் மாற்றுவது வரவேற்பறையின் கூரை விளக்கைத்தான். "நாமே மாட்டிடலாமே, எதுக்குக் கூலி?" என்ற பேச்சும் கூடவே வரும்.

எங்கள் வீவக வீட்டிலும் வந்தது. "சுவர் சுவிட்சை அணைச்சாச்சு. இனி என்ன பயம்?" என்று ஏணியைப் பிடித்தார் என் மச்சான். நான் சம்மதிக்கவில்லை. சிங்கப்பூரில் பல்பை நாமே மாற்றலாம். வயரிங் வேலையை உரிமம் பெற்ற மின் ஊழியர்தான் செய்யவேண்டும். அவருக்கு உரிமம் உள்ளதா என்பதை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம்.

வந்த அண்ணன் பழைய விளக்கின் மூடியைக் கழற்றி, டெஸ்டரை வைத்துக் காட்டினார். சுவிட்ச் அணைந்திருந்தும் டெஸ்டர் எரிந்தது! மச்சான் பேசவே இல்லை.

காரணம் எளிது. சுவிட்ச் ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கிறது. அது மின்சாரம் வரும் 'லைவ்' கம்பியாக இருக்கவேண்டும். எங்கள் வீட்டில் முன்பு யாரோ 'நியூட்ரல்' கம்பியில் சுவிட்சை இணைத்திருந்தார்கள். விளக்கு அணையும், கூரையில் 230 வோல்ட் அப்படியே காத்திருக்கும்.

நிறத்தை மட்டும் நம்பவும் முடியாது. பழைய வீடுகளில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். 2009இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த்.

அண்ணன் டிபி பாக்ஸில் விளக்குக்கான சுவிட்சை அணைத்து, அதன்மேல் டேப் ஒட்டினார். மின்சாரம் உள்ள ஓர் இடத்தில் டெஸ்டர் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, மீண்டும் கூரைக் கம்பிகளைச் சோதித்தார். அதன் பிறகே கைவைத்தார். சுவிட்ச் இணைப்பைச் சரிசெய்து, புது விளக்கின் உலோக உடலில் எர்த் கம்பியை இணைத்தார். விளக்கின் எடையைக் கம்பிகள் தாங்காதபடி கான்கிரீட்டில் திருகினார்.

"ஆர்சிசிபி இருக்கே, அது காப்பாத்தாதா?" என்று கேட்டேன். 2025 ஜூலை முதல் எல்லா வீடுகளிலும் கட்டாயமாகிவிட்ட கருவி அது. மின்சாரம் நம் உடல்வழி தரைக்குக் கசிந்தால் நொடிப்பொழுதில் துண்டித்துவிடும். ஆனால், லைவ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேரத் தொட்டால் அதைக் கசிவாக அதனால் உணர முடியாது.

அந்தக் கருவியில் உள்ள 'டெஸ்ட்' பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே மின்சாரம் நிற்கவேண்டும். வேலைக்கு வருபவரிடமும் தயங்காமல் கேளுங்கள்: "டிபி பாக்ஸில அணைச்சாச்சா? டெஸ்டர் வெச்சுப் பார்த்தாச்சா?" நல்ல ஊழியர் அதற்குக் கோபப்படமாட்டார்.