மஞ்சள் பூவும் பனிக்கால மொட்டும்

வட அமெரிக்காவில் மினசோட்டா, வட டகோட்டா மாநிலங்களின் வடபகுதிகளில் குளிர் உறைநிலைக்குக் கீழே 35 பாகை செல்சியஸ் வரையிலும் இறங்கக்கூடும் என்பதால், அங்கே மஞ்சள் பூக்கும் செடிகளைத் தேர்ந்தெடுப்போர் முதலில் நாடுவது, அமெரிக்க வேளாண்மைத் துறை 1960-இல் வெளியிட்டு 2023-இல் புதுப்பித்த குளிர்தாங்கு மண்டல வரைபடத்தைத்தான். ஓரிடத்தில் ஆண்டுதோறும் பதிவாகும் மிகக் குறைந்த வெப்பநிலைகளின் சராசரியைக் கொண்டு வகுக்கப்பட்ட 13 மண்டலங்களில், எண் குறையக் குறையக் குளிர் கூடும். ஆயினும் அவ்வெண் சொல்வது செடி பிழைக்குமா என்பதை மட்டுமே. பூக்குமா என்பது, மொட்டு எப்போது உருவாகிறது, குளிர்காலத்தை எங்கே கழிக்கிறது என்பவற்றைப் பொறுத்தது.

இதற்குத் தெளிவான சான்று ஃபோர்சித்தியா. இலை துளிர்க்குமுன்பே கிளை முழுவதும் மஞ்சளாகப் பூக்கும் இப்புதர், பதினெட்டாம் நூற்றாண்டின் ஸ்காட்லாந்துத் தோட்டக்கலைஞர் வில்லியம் ஃபோர்சித்தின் பெயரைத் தாங்கியது. அதன் பூமொட்டுகள் முந்தைய கோடையிலேயே உருவாகி, பனிக்காலம் முழுவதும் திறந்த வெளியில் காத்திருக்கின்றன. தண்டின் பட்டையில் நீர் உயிரணுக்களை விட்டு வெளியேறி இடைவெளிகளில் உறைவதால் உயிரணுக்கள் தப்புகின்றன. பூமொட்டின் உள்ளேயோ நீர் உறைநிலைக்கு வெகு கீழேயும் பனிக்கட்டியாகாமல் நீர்மமாகவே நிற்கிறது. மீக்குளிர்வு எனப்படும் இந்நிலைக்கு ஓர் எல்லை உண்டு. ஒரே இரவில் அவ்வெல்லை கடக்கப்பட்டாலும் நீர் சட்டென உறைந்து, இளம்பூ மொட்டுக்குள்ளேயே மடிந்துவிடும். கிளையும் இலைமொட்டும் பிழைத்திருப்பதால் புதர் வழக்கம்போலத் துளிர்க்கும். சில ஆண்டுகளில் அடிக்கிளைகள் மட்டும் மஞ்சளாகப் பூத்து, அதற்கு மேலே ஒரு பூகூட இல்லாமல் நிற்பதைக் காணலாம். அடிக்கிளைகளைப் பனி மூடியிருக்க, பனித்துகள்களுக்கிடையே அடைபட்ட காற்று கம்பளிபோல் மொட்டுகளைக் காத்த உயரம் அது. பாஸ்டன் நகரின் அர்னால்டு மரப்பூங்கா, வட, தென் டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகங்களுடன் சேர்ந்து 1986-இல் வெளியிட்ட ‘மெடோலார்க்’ வகையின் மொட்டுகள் உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ் கடுங்குளிரையும் தாங்குவதால், ஃபோர்சித்தியா வேண்டுவோர் இவ்வகையைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவது நலம்.

நர்சரிகளில் பொட்டென்டில்லா என்று விற்கப்படும் ஐந்திதழ்ப் புதருக்கு இந்தக் கவலையே இல்லை. வட அரைக்கோளத்தின் குளிர்நிலங்களிலும் இமயமலையிலும் இயல்பாக வளரும் இச்செடி, வசந்தத்தில் புதிதாக விடும் தளிரிலேயே மொட்டு கட்டுவதால், கிளை நுனிகள் கருகினாலும் கோடை முழுவதும், உறைபனி விழும்வரை, பூத்துக்கொண்டிருக்கும். ஃபோர்சித்தியாவின் ஒருசேரப் பொங்கும் அழகு இதற்கு இல்லையென்றாலும், ஒரே ஒரு மஞ்சள் புதருக்குத்தான் இடமுண்டு என்னும் தோட்டத்தில் முதலிடம் இதற்கே தரத் தக்கது.

பல்லாண்டுச் செடிகள், அதாவது ஆண்டுதோறும் மேற்பகுதி காய்ந்தாலும் வேரிலிருந்து மீண்டும் முளைப்பவை, தம் மொட்டுகளை மண்மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ வைத்திருப்பதால் பனியின் முழுக் காப்பையும் பெறுகின்றன. ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் கார்ல் ஃபோர்ஸ்டரின் பண்ணையிலிருந்து 1949-இல் வெளிவந்த ‘கோல்டுஸ்டுர்ம்’ என்னும் ருட்பெக்கியா, கரிய நடுவைச் சூழ்ந்த மஞ்சள் இதழ்களுடன் கோடையின் பிற்பகுதியை நிறைக்கும். அதைத் தொடர்ந்து பூக்கும் கோல்டன்ராடு, மகரந்த ஒவ்வாமைக்குக் காரணமென்று வீணே பழிக்கப்படுகிறது. அதன் கனத்த, ஒட்டும் மகரந்தம் பூச்சிகளால் பரவுவது, காற்றில் மிதந்து தொல்லை தருவது அதே பருவத்தில் பூக்கும் ராக்வீடு என்னும் களையின் மகரந்தமே.

பனி நிலைக்காத இடங்களில் மண் உறைந்தும் இளகியும் மாறிமாறி உப்புவதால் இளஞ்செடிகள் வேரோடு மேலே தள்ளப்படுகின்றன; ஆகவே உறைந்த மண் இடையில் இளகாதிருக்க, மண் நன்றாக உறைந்த பின்பே வைக்கோல் மூடாக்கு இடவேண்டும். கவாத்தும் மொட்டின் காலத்தைப் பார்த்தே அமையவேண்டும்: பொட்டென்டில்லாவை வசந்தத் தொடக்கத்தில் வெட்டலாம், ஃபோர்சித்தியாவைப் பூ உதிர்ந்தவுடன் வெட்டிவிட வேண்டும். இலையுதிர் காலத்தில் அதை வெட்டினால், வெட்டிய கிளைகளோடு அடுத்த வசந்தத்தின் பூக்களும் போய்விடும்.