கொடிக்கால் கற்பிக்கும் தியானம்

தூத்துக்குடி மாவட்டத்தில், செம்மணலும் பனையுமாக வறண்டு கிடக்கும் நாசரேத் வட்டாரத்திலிருந்து குரும்பூர் வழியாகத் தாமிரபரணிப் பாசன நிலங்களுக்குள் இறங்குகிறவர், ஆத்தூரை நெருங்கும்போது, வரிசை வரிசையாக அகத்தி மரங்கள் நிற்க, அவற்றைத் தழுவி வெற்றிலை ஏறிய குளிர்ந்த தோட்டங்களைக் காண்பார். இவையே கொடிக்கால்கள். தோட்ட வேலையைத் தியானத்தின் அங்கமாகவே கொண்ட ஜென் துறவிகளையும், 14ஆம் நூற்றாண்டில் கியோத்தோ நகரின் சைஹோஜி ஆலயத் தோட்டத்தைச் சீரமைத்த முசோ சோசெகியையும் போற்றுகிற நம்மவர், அத்தகைய சாதனை ஆத்தூரில் அன்றாடம் நடப்பதைக் கவனிப்பதில்லை என்பது எனக்கு வருத்தமே.

வெற்றிலைக் கொடிக்குத் தனித்து நிற்கும் வலிமை இல்லை. கடும் வெயிலும் ஆகாது. ஆதலால் முதலில் அகத்தி விதையை ஊன்றி, அது வளர்ந்து நிழல் தரத் தொடங்கிய பின்னரே, கணுக்களோடு நறுக்கிய கொடித்துண்டுகளை அதன் அடியில் நடுகிறார்கள். கொடி ஏற ஏற, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வாழைநாரால் மரத்தோடு சேர்த்துக் கட்டவேண்டும். இறுக்கினால் தண்டு நெரியும், தளர்த்தினால் சரியும். அந்த அளவு விரலுக்குத்தான் தெரியும். நிழல் மிகுந்தால் அகத்திக் கிளைகளைக் கழிப்பார்கள். கழித்த தழை ஆடுமாடுகளுக்கு ஆகாரம்.

ஆனால் இத்தொழிலின் சூட்சுமம் கொடியை ஏற்றுவதில் இல்லை, இறக்குவதில் இருக்கிறது. ஏறக்குறைய 3 மீட்டர் உயர்ந்ததும் கொடியின் வீரியம் குன்றி இலை சிறுக்கும். அப்போது, பங்குனி சித்திரை வாக்கில், பல மாதம் பாடுபட்டு ஏற்றிய கொடியைத் தம் கையாலேயே அவிழ்த்துக் கீழே இறக்கி, வளையமாகச் சுருட்டி அடிமண்ணில் பதித்து, நுனியை மட்டும் மீண்டும் மரத்தில் கட்டுகிறார்கள். மண்ணைத் தொட்ட வளைவுகளின் கணுக்களிலிருந்து புதிய கிளைகள் வெடித்துப் பெரிய இலைகளைத் தருகின்றன. எய்திய உயரத்தைப் பற்றிக்கொள்ளாதிருத்தலை ஜென் ஆசான்கள் சீடர்களுக்கு நெடுங்காலம் போதித்தார்கள். கொடிக்கால்காரரோ ஆண்டுதோறும் அதைச் செய்து முடித்துவிட்டு அடுத்த பாத்திக்கு நகர்ந்துவிடுகிறார்.

ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திருச்செந்தூருக்கு யாத்திரை செல்லும் அன்பர்கள் வழியில் ஆத்தூரில் இறங்கி, தோட்டத்தாரிடம் அனுமதி பெற்று, செருப்பை வெளியே கழற்றிவிட்டு, ஒரு நாழிகை உள்ளே நின்று பாருங்கள். கொடி இறக்கும் பருவத்தில் செல்வது உத்தமம்.