இறைக்க இறைக்க ஊறும் பால்

நெய்வேலியில் நிலக்கரியை வெட்டுவதைவிடத் தண்ணீரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் மாபெரும் நிலத்தடி நீர்த்தேக்கம் ஒன்று இருக்கிறது. அது சும்மா கிடக்கவில்லை. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை அழுத்தத்தோடு மேலே முட்டிக்கொண்டிருக்கிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு போட்டபோது, பொங்கி வந்த நீரோடு கறுப்பாக ஏதோ கலந்து வந்ததுதான் இந்த ஊரின் கதைக்கே தொடக்கம். 1957இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தும், கரி கண்ணில் பட்டது 1961இல்தான். இன்றும் பம்புகள் இரவு பகலாக ஓடியாக வேண்டும். நின்றால் சுரங்கத்தின் தரையே பிளந்து நீர் பொங்கிவிடும்.

இப்படிப்பட்ட ஊரில், குழந்தை பெற்று மூன்றாம் நாள் ‘மார் கல்லு மாதிரி ஆயிடுச்சும்மா’ என்று ஒரு பெண் அழுதால், கேட்பவர் மனத்தில் முதலில் என்ன தோன்றும்? அழுத்தம் கூடிவிட்டது, இறைத்துவிடு. கடையில் பால் எடுக்கும் பம்பு கிடைக்கிறது, வாங்கி வந்து கடைசிச் சொட்டுவரை எடுத்துவிடு. சுரங்கத்துக்கு இது சரியான புத்தி. மார்புக்கு இது பாதிதான் சரி. மீதிப் பாதி வலியைக் கூட்டும்.

மூன்றாம் நாள் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? கர்ப்ப காலத்தின் பிற்பாதியிலேயே மார்பு பால் சுரக்கத் தயாராகிவிடுகிறது. நஞ்சுக்கொடியிலிருந்து வரும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்தான் அதைத் தடுத்து நிறுத்தி வைத்திருக்கிறது. நஞ்சு விழுந்ததும் அந்தத் தடை நீங்குகிறது. முதல் ஓரிரு நாள் சீம்பால் கொஞ்சமாக வருகிறது. இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் பால் திடீரெனப் பெருகுகிறது. சிசேரியன் ஆனவர்களுக்குச் சற்றுத் தாமதமாகலாம். இந்தப் பெருக்கத்துக்காக மார்புக்கு ரத்த ஓட்டம் ஏறுகிறது. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து திசுக்களில் தேங்குகிறது. அதாவது, கல்லாகக் கனக்கும் அந்த மார்பில் இருப்பது பால் மட்டுமல்ல, வீக்கமும்தான். எவ்வளவு நல்ல பம்பானாலும் வீக்க நீரை உறிஞ்சி எடுக்க முடியாது. இந்த ஒரு செய்தி தெரிந்தால் பாதி வீடுகளில் நடக்கும் வதை நின்றுவிடும்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ஆனால் சுகப்பிரசவம் ஆனவள் வீட்டுக்கு வந்து சேரும் சமயத்தில்தான் பால் கட்டத் தொடங்குகிறது. நர்ஸ் பக்கத்தில் இருந்தபோது வராத வலி, டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் ராத்திரி இரண்டு மணிக்கு வருகிறது. அப்போது வைத்தியம் சொல்லப் பக்கத்தில் இருப்பவர்கள் அம்மாவும் மாமியாரும் மட்டுமே. அதே கணக்கெடுப்பின்படி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவை தமிழ்நாட்டில் சுமார் 55 சதவீதம். தேசிய அளவில் இது 63.7. பிரசவத்தில் முன்னால் நிற்கும் மாநிலம் பாலூட்டுவதில் பின்தங்குகிறது. இதற்குப் பல காரணங்கள் இருக்கும். இந்த ராத்திரி இரண்டு மணி வலியும் அதில் ஒன்று என்றே நினைக்கிறேன்.

இறைத்தால் ஏன் சரியாகாது என்பதற்கு விடை கிடைத்தது ஆடுகளிடமிருந்து. 1980களில் ஸ்காட்லாந்தின் ஏர் நகரில் இருந்த ஹன்னா ஆய்வகத்தில், ஆட்டின் ஒரு பக்க மடியை மட்டும் கூடுதல் முறை கறந்து பார்த்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் பால் கூடியது. மறுபக்கம் பழையபடியே இருந்தது. இரண்டு மடிகளுக்கும் போவது ஒரே ரத்தம், ஒரே ஹார்மோன்கள். அப்படியானால் ஒவ்வொரு மடியும் தனித்தனியாகக் கணக்குப் பார்க்கிறது. அழுத்தம் குறைவதால்தான் பால் கூடுகிறதோ என்ற சந்தேகம் வந்தது. கறந்த பாலின் அளவுக்குச் சர்க்கரைக் கரைசலை மடிக்குள் செலுத்திப் பார்த்தார்கள். அழுத்தம் குறையவில்லை, பால் மட்டும் கூடியது! ஆகவே மடி அளந்து பார்ப்பது அழுத்தத்தை மட்டும் அல்ல. தேங்கிய பாலிலேயே ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் ஏதோ ஒன்று இருக்கிறது. பாலை அகற்றினால் அந்தக் கட்டளையும் சேர்ந்து போய்விடுகிறது.

தாய்மார்களின் மார்பிலும் இதே உள்ளூர்க் கணக்குதான். இரட்டைக் குழந்தைக்கும் பால் போதுவதும், ஒரு பக்கமே குடிக்கும் குழந்தையின் தாய்க்கு மறுபக்கம் மெல்ல வற்றுவதும் இதனால்தான். பால் கட்டிய பயத்தில் பம்பு வைத்துச் சொட்டுச் சொட்டாக வற்ற எடுக்கும் பெண், ‘இன்னும் வேண்டும்’ என்று தன் மார்புக்கு உத்தரவு போடுகிறாள். மறுநாள் இன்னும் அதிகமாகக் கட்டும். நெய்வேலிச் சுரங்கத்துக்கு அடியில் இருக்கும் நீர், இறைத்ததற்குக் கோபித்துக்கொண்டு இரட்டிப்பாக ஊறுவதில்லை. சுரங்க உவமை இங்கேதான் உடைகிறது. பால் சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் ஊட்டிப் பாலைப் பெருக்க முயல்வதற்கும் இந்த வாரம் ஏற்றதல்ல.

அப்படியென்றால் எடுக்கவே கூடாதா? எடுக்கலாம், கொஞ்சம். குழந்தை கேட்கும்போதெல்லாம் கொடுப்பதுதான் முதல் வைத்தியம். மார்பு விம்மிக் காம்பைச் சுற்றிய கருவளையம் இறுகிவிட்டால் குழந்தையால் கவ்வ முடியாது. அப்போது கருவளையத்தைச் சுற்றி விரல் நுனிகளை வைத்து, நெஞ்சை நோக்கி ஒரு நிமிடம்போல மெதுவாக அழுத்தினால், அந்த இடத்து வீக்க நீர் உள்ளே ஒதுங்கிக் காம்பு இளகும். கையாலேயே சிறிது பால் பீய்ச்சி, இறுக்கம் தளர்ந்ததும் நிறுத்திவிடலாம். இடைவேளைகளில் குளிர்ந்த ஒத்தடம். ஆம், குளிர்ந்த ஒத்தடம்தான். வெந்நீர் ஒத்தடம் நம் வீடுகளில் வேதவாக்கு என்பது தெரியும். பால் கொடுப்பதற்குச் சற்று முன் இளஞ்சூடு சிலருக்கு இதமாக இருக்கும். ஆனால் வீங்கிய இடத்தில் நீண்ட நேரம் சூடு வைத்தால் ரத்த ஓட்டம் இன்னும் ஏறும். கால் பிசகினால் ஐஸ் வைக்கிற நாம், மார்பு வீங்கினால் மட்டும் வெந்நீரைத் தேடுவது வேடிக்கைதான்.

முட்டைக்கோஸ் இலையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆஸ்திரேலியாவில் 1995இல் வெளியான ஓர் ஆய்வில் குளிரூட்டிய கோஸ் இலையையும் குளிர் ஜெல் பையையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒரே அளவு வலியைக் குறைத்தன. இலையின் மருத்துவ குணம் என்பதைவிட, குளிர்ச்சியும் வளைந்து படியும் வடிவமும்தான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். வீட்டில் இருந்தால் வையுங்கள். அதற்காகச் சந்தைக்கு ஓட வேண்டியதில்லை.

மார்பில் கட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் அதைத் தேய்த்துக் கரைக்க நாலு கை வந்துவிடும். எண்ணெய் போட்டு நீவுவார்கள், சீப்பால் வாருவார்கள். உள்ளே அடைப்பை எடுத்துவிட வேண்டிய கனத்த குழாய் ஏதோ இருக்கிறது என்ற நினைப்புதான் இதற்குக் காரணம். லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1840இல் வெளியிட்ட நூலில், பால் நாளங்களுக்குள் வண்ண மெழுகைச் செலுத்தி அவற்றை வரைந்து காட்டினார். அதற்குப் பின் வந்த பாடநூல்கள் 15, 20 நாளங்கள் என்றும், காம்புக்குப் பின்னால் பால் தேங்கும் பைகள் என்றும் எழுதி வந்தன. 2005இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தினர் பாலூட்டும் தாய்மார்களை அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது நாளங்கள் சராசரியாக ஒன்பதுதான் இருந்தன. தேக்கப் பைகளைக் காணவே இல்லை. நாளங்கள் மிக மெல்லியவை, தோலுக்கு அருகில் ஓடுபவை, லேசாக அழுத்தினாலே மூடிக்கொள்பவை. அழுத்தித் தேய்த்தால் திறப்பதற்குப் பதில் நசுங்கும். நுண்ணிய ரத்தக் குழாய்களும் காயப்பட்டு வீக்கம் கூடும். பாலூட்டல் மருத்துவத்துக்கான சர்வதேச அமைப்பு 2022இல் வெளியிட்ட நெறிமுறை இதைத்தான் சொல்கிறது: ஆழ்ந்து நீவாதீர்கள், வற்ற இறைக்காதீர்கள், குளிர்ச்சி கொடுங்கள், வீக்கம் குறைக்கும் மருந்து கொடுங்கள். கைவைக்க வேண்டும் என்றால் பூனைக்குட்டியைத் தடவும் அளவுக்குத்தான்.

காம்பு வலி வேறு கதை. பால் குடிக்கும் குழந்தை நாக்கைக் கீழே இறக்கும்போது உண்டாகும் உறிஞ்சு விசை சுமார் 145 மில்லிமீட்டர் பாதரசம் என்று அதே மேற்கு ஆஸ்திரேலியக் குழுவினர் அளந்திருக்கிறார்கள். அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 0.2 கிலோ. சுரங்கத்தடி நீரின் அழுத்தத்தில் முப்பதில் ஒரு பங்குகூட வராது. ஆனால் காம்பு நுனியை மட்டும் கவ்வினால், அந்த விசை மென்தோலில் நேராக விழுந்து வெடிப்பு உண்டாகும். காம்பு மட்டுமல்லாமல் கருவளையத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போனால், காம்பு குழந்தையின் வாயின் பின்பக்கம், மெத்தென்ற இடத்துக்கு அருகில் போய்விடும்; அங்கே உரசல் இல்லை. அதனால் வெடிப்புக்குக் களிம்பு தடவுவதற்கு முன் குழந்தை கவ்வும் விதத்தைத்தான் பார்க்க வேண்டும். உள்ளிழுத்த காம்பு உள்ளவர்களுக்கு நம் அண்டை மாநிலத்தில் பிறந்த உபாயம் ஒன்று உண்டு. கர்நாடகத்தின் தாவணகெரேயைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் நிர்மலா கேசரீயும் சகாக்களும் 1993இல் வெளியிட்டது. பிளாஸ்டிக் சிரிஞ்சின் ஊசி மாட்டும் முனையை வெட்டிவிட்டு, வெட்டிய பக்கமாக உலக்கையை நுழைத்து, வழவழப்பான மறுபக்கத்தை மார்பில் வைத்து மெல்ல இழுப்பது. சில ரூபாய்ச் செலவில் உருவான இந்தக் கருவி எத்தனையோ அரசு மருத்துவமனைகளில் பயன்படுகிறது. இதைப் பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்வதற்கு நமக்கென்ன தயக்கம்!

வலியைப் பொறுத்துக்கொள்வதுதான் தாய்மைக்கு அழகு என்று சொல்பவர்களுக்கு ஒரு பரிசோதனையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மைக்கேல் நியூட்டன், நைல்ஸ் நியூட்டன் தம்பதி 1948இல் வெளியிட்டது. ஒரு தாயின் கால்களை ஐஸ் தண்ணீரில் வைத்தார்கள், கால் விரலில் துணி கட்டி இழுத்தார்கள், போதாதென்று கணக்கும் கேட்டார்கள். அந்த நிலையில் குழந்தைக்குக் கிடைத்த பால் வெகுவாகக் குறைந்தது. அதே தொல்லைகளோடு ஆக்சிடோசின் ஊசி போட்டபோது பால் பழையபடி இறங்கியது. பால் சுரப்பது ஒன்று, இறங்குவது வேறு. பால் சுரப்பிகளைப் பிழிந்து பாலை வெளியே தள்ளும் ஆக்சிடோசினை வலியும் பதற்றமும் அடக்கிவிடுகின்றன. அடங்கினால் பால் தேங்கும், தேங்கினால் வலிக்கும், வலித்தால் மறுபடி அடங்கும். இந்தச் சுழலை அறுக்க ஒரு பாரசிட்டமால் போதும் என்றால் அதைப் போட்டுக்கொள்வதில் குற்றமில்லை. பாரசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் பாலூட்டும் காலத்தில் கொடுக்கக்கூடியவையே. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு போன்றவை இருந்தால் ஐபுபுரூஃபனுக்கு முன் டாக்டரைக் கேட்க வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் சிவந்து, தொட்டால் கொதித்து, காய்ச்சலும் குளிரும் வந்தால் அது மார்பழற்சியாக இருக்கலாம். அப்போது பாலின் ருசியே மாறும். சாதாரணமாகப் பால் சுரப்பி செல்கள் நெருக்கமாக ஒட்டி நின்று ரத்தத்தின் உப்பைப் பாலுக்குள் விடாமல் தடுக்கின்றன. அழற்சியில் அந்த ஒட்டு விட்டுப்போய்ச் சோடியம் பாலில் கலக்கிறது. பால் உப்புக் கரிக்கிறது. நல்லபடியாகக் குடித்துவந்த குழந்தை திடீரென ஒரு பக்கத்தை மட்டும் மறுத்தால் இதுவும் காரணமாகலாம். அந்தப் பால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. ஊட்டலைத் திடீரென நிறுத்துவதுதான் கெடுதல். ஒரு நாளைக்குள் தணியாவிட்டால், அல்லது காய்ச்சல் கடுமையாக இருந்தால் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ஆன்டிபயாடிக் தேவையா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். சீழ்க்கட்டி வைத்துவிட்டால் சீழை ஊசியாலோ அறுத்தோ எடுக்க வேண்டிவரும்.

பாலை நிறுத்தியே ஆக வேண்டிய தாய்மாரும் உண்டு, குழந்தை தங்காமல் போனவர்கள் உட்பட. தென்னிந்தியாவில் இதற்கு மல்லிகைப் பூவை மார்பில் கட்டும் வழக்கம் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதைச் சோதித்து 1988இல் எழுதினார்கள். ஒரு பிரிவினருக்கு மார்பில் மல்லிகைச் சரம், மற்றவர்களுக்கு அப்போது வழக்கத்தில் இருந்த புரோமோகிரிப்டின் மாத்திரை. ரத்தத்தில் பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ஹார்மோன் இரு பிரிவினருக்கும் இறங்கியது. மாத்திரை அதிகம் இறக்கியது. ஆனால் பால் வற்றுவதிலும் மார்பு விம்முவதிலும் வலி மாத்திரை கேட்டதிலும் மல்லிகை சளைக்கவில்லை. சில ஆண்டுகளில் பக்கவாதம், மாரடைப்பு புகார்களால் அமெரிக்காவில் புரோமோகிரிப்டினுக்குப் பால் நிறுத்தும் அனுமதியே போய்விட்டது. பூ எப்படி வேலை செய்கிறது? வாசனையா, தொடுகையா? முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக யாரும் தீர்த்துச் சொல்லாதது எனக்கு வருத்தம்தான். தொடர்ந்து பால் கொடுக்க நினைப்பவர்கள் மட்டும் இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

பால் கட்டும் இரண்டாவது காலம், வேலைக்குத் திரும்பும் வாரம். 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் குழந்தைக்குப் 15 மாதம் ஆகும்வரை தினம் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளைத் தந்தது. 2017 திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கு விடுப்பை 26 வாரமாக்கி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. எட்டு மணி நேர ஷிப்டில் இந்த இடைவேளை வெறும் சலுகை அல்ல, மருந்து. வீட்டில் குழந்தை குடிக்கும் அளவுக்கு மட்டும் எடுத்தால் போதும், வற்ற எடுக்க வேண்டாம். வேலைக்குப் போகும் நாளுக்குச் சில வாரம் முன்பிருந்தே ஒவ்வொரு வேளையாக மாற்றிக்கொண்டு வந்தால் மார்பு தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். எடுத்த பால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும் என்று கையேடுகள் சொல்வது 25 டிகிரி அறையை நினைத்து. மே மாத நெய்வேலியில் அப்படி ஓர் அறை ஏசி போட்டால்தான் உண்டு. பாலை நேராக ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.