ஊரார் பிள்ளையும் தன் பிள்ளையும்



ஆசிரியரைப் பற்றிய திரைப்படத்தை ஆசிரியன் ஒருவன் பார்ப்பது, மேடையில் ஒருவர் நீதவானாக நடிக்க உண்மையான நீதவான் முன்வரிசையில் அமர்ந்து பார்ப்பதைப் போன்றது. கதையை விட்டுவிட்டு, "இப்படியும் நடக்குமோ?" என்றே மனம் கணக்குப் பார்க்கும். 1995இல் வெளிவந்த 'மிஸ்டர் ஹொலண்ட்ஸ் ஓப்பஸ்' என்ற அமெரிக்கப் படத்தை நான் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். ஓர் இசையாசிரியரின் வாழ்வை அது எவ்வளவு தூரம் மெய்யாகக் காட்டுகிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

'ஓப்பஸ்' என்ற இலத்தீன் சொல்லுக்கு ஆக்கம் என்று பொருள். மேலைநாட்டு இசைப் படைப்புகளை எண்ணிட்டுச் சுட்டவும் அச்சொல்லையே வழங்குவர். கிளென் ஹொலண்ட் என்ற இசைக்கலைஞர் சிம்பொனி ஒன்றை ஆக்க விரும்புகிறார். அதற்கு ஓய்வு நேரம் கிடைக்கும் என்று நம்பி, சில ஆண்டுகளுக்கு மட்டும் என்று ஆசிரியத் தொழிலுக்கு வருகிறார். முப்பது ஆண்டுகள் கழிகின்றன. அப்பாத்திரத்தில் நடித்த றிச்சர்ட் ட்ரெய்ஃபஸ், சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். படத்தை இயக்கியவர் ஸ்டீபன் ஹெரெக்.

மெய்யானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆசிரியருக்கு ஓய்வு நேரம் உண்டு என்ற எண்ணம் முதல் தவணையிலேயே கலைந்துபோவது மெய். மணி அடித்ததும் மாணவருக்கு முன்னதாகவே வாசலுக்கு விரையும் புதிய ஆசிரியரை அதிபர் அம்மையார் கவனித்துவிடுவதும் மெய். மனைவி கருவுற்றதும், வீடு வாங்கும் பணத்துக்காக விடுமுறையில் மாணவருக்கு வாகனம் ஓட்டப் பழக்குகிறார் ஹொலண்ட். சிம்பொனித் தாள்கள் ஒதுங்கிக் கிடக்கின்றன. இதில் மிகை ஏதுமில்லை.

அவருடைய வேலை பறிபோகும் விதமும் மெய்யானதே. கதை நிகழும் பாடசாலை கற்பனை. ஆனால் ஒரேகன் மாநிலத்துப் போட்லண்ட் நகரம் கற்பனையன்று. 1990இல் அம்மாநில வாக்காளர் சொத்து வரிக்கு உச்சவரம்பு விதித்தனர். பாடசாலைகளுக்கான வரி ஆண்டுதோறும் இறங்கி, 1995-96இல் சொத்து மதிப்பின் ஆயிரம் டொலருக்கு ஐந்து டொலர் என்ற எல்லைக்கு வந்தது. படத்தில் ஹொலண்டின் பதவி நீக்கப்படுவதும் 1995இல்தான். பணம் சுருங்கும்போது கணித பாடத்தில் எவரும் கை வைப்பதில்லை. சங்கீதமும் சித்திரமும் நாடகமுமே முதலில் போகின்றன.

இனி, பொய்யானவை. கிளாரினெற் வாசிக்கத் தடுமாறும் மாணவி ஒருத்தியிடம், அந்தி வானத்தை நினைத்து வாசி என்கிறார் ஹொலண்ட். அவளும் அக்கணமே வாசித்துவிடுகிறாள். கிளாரினெற் அப்படி வசப்படும் வாத்தியமன்று. உதட்டின் பிடி, மூச்சின் அளவு, வாயிலுள்ள தகட்டின் ஈரம் எல்லாம் ஒத்துவரவேண்டும். கீழ்த்தாயியிலிருந்து மேல்தாயிக்கு ஏறும் இடத்தில் பழகுபவரின் வாத்தியம் கீச்சிடும். அது நீங்க மாதக்கணக்கில் சாதகம் தேவை. தாளம் பிடிபடாத விளையாட்டு வீரன் ஒருவனுக்கு ட்ரம் பழக்கும் காட்சியும் இத்தகையதே. நல்ல சொல் ஒன்று மாணவனின் மனத்தைத் திறக்கும். விரலைத் திறப்பது சாதகமே. திரைப்படத்தால் காட்ட முடியாதது அந்த மாதக்கணக்கைத்தான். ஆசிரியரின் வாழ்வோ பெரும்பாலும் அந்த மாதக்கணக்கிலேயே கழிகிறது.

முடிவுக் காட்சியில் பழைய மாணவர் மண்டபத்தில் நிறைந்திருக்கிறார்கள். அந்தக் கிளாரினெற் மாணவி மாநில ஆளுநராக வந்து, மற்றவர்களோடு அமர்ந்து அவருடைய சிம்பொனியை வாசிக்கிறாள். ஒரே ஒத்திகைகூட இல்லாமல் ஹொலண்ட் அதனை நடத்துகிறார். நான் கண்கலங்கினேன், நம்பவில்லை.

இத்தகைய நிறைவு நடப்பில் இல்லையா? உண்டு. நியூயோர்க்கின் கிழக்கு ஹார்லெமில் வயலின் கற்பித்த றொபேர்ட்டா குவஸ்பாரியின் வகுப்பு 1991இல் பணமின்றி நிறுத்தப்பட இருந்தது. அதனைக் காக்க 1993இல் கார்னகி மண்டபத்தில் கச்சேரி நடந்தது. ஐசக் ஸ்டேர்ன், இற்சாக் பேர்ள்மன் போன்ற மேதைகளும் அதில் பங்குகொண்டனர். 1999இல் மெரில் ஸ்ட்ரீப் நடித்த 'மியூசிக் ஒஃப் த ஹார்ட்' படம் அவர் கதையே. ஆனால் அங்கே வாசித்தவர்கள் நாள்தோறும் பழகிய பிள்ளைகள். மேடைக்கு முன்னால் சாதகம் இருந்தது.

நிற்க. ஹொலண்டின் வாழ்வில் என்னை உறங்கவிடாமல் செய்தது வேறொன்று. ஜோன் கொல்ட்ரேன் என்ற ஜாஸ் மேதையின் பெயரால் அவர் மகனுக்குப் பெயர் வைக்கிறார். ஊர்வலம் ஒன்றில் தீயணைப்பு வண்டி பேரொலி எழுப்ப, குழந்தை அசையாமல் உறங்குகிறது. மகனுக்குக் காது கேளாது! தாய் கைமொழி கற்கிறாள். தந்தைக்குப் பாடசாலை இருக்கிறது, ஒத்திகை இருக்கிறது. 1980இல் ஜோன் லெனன் கொல்லப்பட்ட வேளையில், மகனுக்கு இது விளங்காது என்று தந்தை கருதிவிட, வளர்ந்த மகன் கைகளால் வெடிக்கிறான். மாணவருக்குக் கொடுத்ததை எனக்கு ஏன் தரவில்லை என்பதே அவன் கோபத்தின் சாரம்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது நம் பழமொழி. ஆசிரியர்களாகிய நாங்கள் அதைச் சொல்லியே மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். தன் பிள்ளை தானே வளர்வதில்லை என்கிறது இப்படம். அதன் மிகப் பெரிய மெய் இதுவே.

தமிழ்த்தினப் போட்டிக் காலத்தில் நான் இருட்டிய பின்னரே வீடு திரும்புவேன். ஒரு நாள் என் மகள் கேட்டாள்: "அப்பா, நானும் உங்கட விவாத அணியில சேரட்டோ? அப்ப என்னோடயும் கதைப்பீங்கள்தானே?" நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

இப்படத்துக்கு இசையமைத்த மைக்கேல் கேமன், 1996இல் இப்படத்தின் பெயராலேயே ஓர் அறநிலையம் தொடங்கி, பாடசாலைகளுக்கு வாத்தியங்கள் கிடைக்கச் செய்தார். ஆகவே, நம்பமுடியாத அம்முடிவிலிருந்தும் நன்மை விளைந்தது என்பதை மறுப்பதற்கில்லை. என்றாலும், மண்டபத்தில் எழுந்த கரவொலியைவிட வீட்டில் அந்த மகன் அசைத்த கைகளே என் நினைவில் நிற்கின்றன. ஹொலண்ட் அவனோடு மனம்விட்டுப் பேச முற்பட்டபோது அவன் பதின்ம வயதை எட்டிவிட்டான். என் மகளுக்கு இப்போது பதினொரு வயது. காதும் நன்றாகக் கேட்கிறது.