ஒரே ஒரு லென்ஸ் வாங்கலாம்: எதை வாங்குவது?

ஜொகூர் பாருவில் உள்ள அருள்மிகு ராஜகாளியம்மன் கண்ணாடி ஆலயத்துக்குள் நின்று படமெடுக்க முயன்றவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரிந்திருக்கும். 1922இல் தொடங்கி, 2009இல் கண்ணாடிக் கோயிலாக உருமாறிய ஆலயம் அது. சுவர், தூண், கூரை என எங்கும் ஏறத்தாழ 300,000 கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பட்டுள்ளன. கூரையும் தரையும் ஒரே படத்தில் வரவேண்டும் என்று பின்னால் நகர்ந்துகொண்டே போனால் முதுகு சுவரில் முட்டும். அப்போதும் பாதிக் கூரை படத்திற்கு வெளியேதான் இருக்கும்.

அங்கிருந்து நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் வடக்கே போனால் தங்காக். இங்கே சிக்கல் தலைகீழ். எதிரே நிற்பது 1,276 மீட்டர் உயரமுள்ள குனோங் லேடாங், ஜொகூரின் மிக உயர்ந்த மலை. கண்ணுக்கு வானத்தையே மறைப்பதுபோல் தெரியும் அந்த மலை, படத்தில் பார்த்தால் ஒரு சின்னப் புற்று அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும்.

இரண்டையும் ஒரே லென்ஸால் எடுக்க முடியுமா? பள்ளிப் புகைப்படக் கழகத்தில் சேர்ந்து, சேமித்த பணத்தில் முதல் கேமரா வாங்கிய மாணவர்களின் கையில் பெரும்பாலும் இருப்பது, சிறிய உணரி கொண்ட கேமராவும் அதனுடன் பெட்டியில் வந்த 18–55 மி.மீ. லென்ஸும்தான். அடுத்த லென்ஸுக்குச் செலவிடும் ரிங்கிட் எளிதில் திரும்பி வராது. அதனால் கடைக்குப் போவதற்கு முன் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. படிவம் நான்கு இயற்பியலில் படிக்கும் ஒளியியலே இதற்குப் போதும்.

லென்ஸின் மேல் எழுதியிருக்கும் 18, 55 போன்ற எண்கள் குவியத் தூரத்தைக் குறிக்கின்றன. பள்ளியில் ‘பன்ஜாங் ஃபோக்கஸ்’ என்று படிக்கிறோமே, அதுவேதான். வெகு தொலைவில் உள்ள பொருளின் பிம்பம், லென்ஸிலிருந்து ஏறக்குறைய இந்தத் தூரத்தில் விழும். அந்த இடத்தில்தான் ஒளியைப் பதியும் உணரி இருக்கிறது.

இனி உணரியின் அளவு. பழைய 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு கட்டம் 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம் கொண்டது. டிஜிட்டல் கேமரா வந்தபோது அவ்வளவு பெரிய உணரியைச் செய்வதற்குச் செலவு மிக அதிகம். சிலிக்கான் தகட்டிலிருந்து பெரிய சில்லுகளை வெட்டினால் எண்ணிக்கை குறையும். ஒரு சிறு பழுது இருந்தாலும் பெரிய சில்லு ஒன்று வீணாகும். எனவே 1999இல் வந்த நிக்கோன் டி1 போன்ற கேமராக்களில் ஏறத்தாழ 23.5 × 15.6 மி.மீ. அளவிலான உணரியே பயன்பட்டது. இதைத்தான் ஏபிஎஸ்-சி என்கிறார்கள். இன்றும் சோனி, நிக்கோன், ஃபூஜிஃபிலிம் ஆகியவற்றின் பல கேமராக்களில் இந்த அளவுதான். கெனனில் இன்னும் சற்றுச் சிறியது. பெரிய உணரியின் அகலத்தை இதன் அகலத்தால் வகுத்தால் 1.5 வரும்.

இந்த 1.5 என்ற எண்ணைச் சுற்றி ஒரு தவறான பேச்சு உலவுகிறது. ‘சிறிய உணரியில் 50 மி.மீ. லென்ஸைப் போட்டால் அது 75 ஆக மாறிவிடும், தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்’ என்பார்கள். லென்ஸ் எதுவும் மாறுவதில்லை. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பகலில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியைச் சன்னலுக்கு எதிரே பிடித்து, வெளியே தெரியும் காட்சியை வெள்ளைத் தாளில் தலைகீழாக விழச் செய்யுங்கள். தாளில் 36 × 24 மி.மீ. கட்டம் ஒன்றும், அதன் நடுவில் 24 × 16 மி.மீ. கட்டம் ஒன்றும் வரைந்திருக்கட்டும். பிம்பத்தில் தெரியும் மரத்தின் அளவு இரண்டு கட்டத்திலும் ஒன்றுதான். சின்னக் கட்டத்தில் ஓரங்கள் வெட்டுப்பட்டிருக்கும், அவ்வளவே. அந்த வெட்டிய படத்தைத் திரை முழுக்க விரித்துப் பார்ப்பதால்தான் மரம் பெரிதானதுபோல் தோன்றுகிறது.

வெட்டுப்படும் இந்த ஓரம்தான் கண்ணாடிக் கோயிலில் நமக்குக் கிடைக்காமல் போனது. எவ்வளவு போனது என்று ஒத்த முக்கோணங்களைக் கொண்டு கணக்கிடலாம்:

படத்தில் அடங்கும் அகலம் = பொருளின் தூரம் × உணரியின் அகலம் ÷ குவியத் தூரம்

10 மீட்டர் தள்ளியிருக்கும் ஒரு சுவரை 18 மி.மீ. லென்ஸால் எடுத்தால், 10 × 23.5 ÷ 18, அதாவது 13 மீட்டர் அகலம் அடங்கும். 16 மி.மீ. என்றால் 14.7 மீட்டர். 10 மி.மீ. என்றால் 23.5 மீட்டர். கவனித்தீர்களா? 18க்கும் 16க்கும் வெறும் 2 மி.மீ. வித்தியாசம்தான், ஆனால் ஒன்றரை மீட்டருக்கு மேல் கூடுதலாகக் கிடைக்கிறது. மறுமுனையில் 135க்கும் 137க்கும் இடையே அதே 2 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. எண்ணைக் கழித்துப் பார்க்காமல் வகுத்துப் பார்க்க வேண்டும்.

கைப்பேசியோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். இன்றைய கைப்பேசிகளின் முதன்மைக் கேமரா பெரும்பாலும் பெரிய உணரிக் கணக்கில் 24 முதல் 26 மி.மீ. கோணம் கொண்டது. நமது 18 மி.மீ. லென்ஸ் அதே கணக்கில் 27. புதுக் கேமரா வாங்கியவர்கள் ‘கைப்பேசியில் அடங்கியது இதில் அடங்கவில்லையே’ என்று குழம்புவதற்குக் காரணம் இதுதான். 16 மி.மீ.இல் தொடங்கும் லென்ஸ் இருந்தால் 24 கிடைத்துவிடும்.

மலைக்கு வருவோம். அகலத்துக்குப் பதிலாக உயரத்தை வைத்துக் கணக்கிடுவோம். குனோங் லேடாங்கிலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளி நின்றால், 16 மி.மீ. லென்ஸ் உணரியின்மேல் வரையும் மலையின் உயரம் சுமார் 2 மி.மீ.தான். உணரியின் மொத்த உயரம் 15.6. அதாவது படத்தில் எட்டில் ஒரு பங்கு மலை, மீதியெல்லாம் வானமும் சாலையும். இதையே 70 மி.மீ.இல் எடுத்தால் மலை கிட்டத்தட்ட 9 மி.மீ. உயரத்துக்கு எழும்பிப் படத்தில் பாதிக்கு மேல் நிரப்பும். இயற்கைக் காட்சி என்றாலே அகலக் கோணம் என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல மலைப் படங்கள் பல 50 முதல் 100 மி.மீ. வரையில் எடுத்தவை.

ஆகவே பயணத்திற்கு ஒரே லென்ஸ் என்றால், 16 அருகே தொடங்கி 70 அல்லது 80இல் முடிவது எனக்கு முதல் தேர்வு. ஃபூஜிஃபிலிமின் 16–80, டேம்ரானின் 17–70 ஆகியவை இந்த வகை. பழைய கெனன் கேமரா வைத்திருப்பவர்களுக்கு 15–85 என்று ஒன்று உண்டு. கேமராவின் வாயில் பொருந்தும் வகையா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனத்தின் லென்ஸ் மற்றொன்றில் சேராது. பறவை, திடல் விளையாட்டு எல்லாம் வேண்டும் என்பவர்களுக்கு சோனியின் 18–135, நிக்கோனின் 18–140 போன்றவை சரிப்படும். அகலத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

அப்படியானால் 18–300 வாங்கிவிட்டால் எல்லாம் தீர்ந்ததே என்று கேட்கலாம். கடைக்காரரும் அதையே சொல்லக்கூடும். 300ஐ 18ஆல் வகுத்தால் 16 மடங்குக்கு மேல். அத்தனை தூரத்திற்கும் ஒளியைச் சரியாக வளைக்க உள்ளே பல கண்ணாடிகள் முன்னும் பின்னும் நகர வேண்டும். ஒரு முனையில் பிழையைத் திருத்தினால் மறுமுனையில் பிழை தலைகாட்டும். டேம்ரானின் 18–300 எடை 620 கிராம். சோனியின் 18–135 வெறும் 325 கிராம். லேடாங் உச்சிக்கு ஏறும்போது இந்த வித்தியாசம் தோளுக்குத் தெரியும்.

விலையை ஏற்றும் இன்னொரு விஷயம் எஃப் எண். குவியத் தூரத்தை ஒளி நுழையும் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது இது. எண் சிறியது என்றால் துளை பெரியது. எஃப் 2.8இல் நுழையும் ஒளி எஃப் 5.6இல் நுழைவதைப்போல் நான்கு மடங்கு. கோயிலுக்குள்ளும் இரவுச் சந்தையிலும் உதவும். ஆனால் இயற்கைக் காட்சிக்கு அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்பேன். ஏன் என்று தஞ்சோங் பியாயில் நின்று பார்க்கலாம்.

ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனை அது. 2003இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட சதுப்புக் காடு. காலடியில் சேற்றிலிருந்து எழும் வேர்கள், தொடுவானத்தில் சரக்குக் கப்பல்கள். இரண்டும் தெளிவாக வர வேண்டும். 16 மி.மீ. லென்ஸில் எஃப் 8 வைத்து 1.6 மீட்டர் தூரத்தில் குவித்தால், 80 சென்டிமீட்டரிலிருந்து தொடுவானம் வரை எல்லாமே தெளிவாகத் தெரியும். 70 மி.மீ. லென்ஸில் இதே வேலைக்கு ஏறக்குறைய 30 மீட்டரில் குவிக்க வேண்டும். 15 மீட்டருக்கு இப்பால் இருப்பது மங்கிவிடும். குறுகிய குவியத் தூரத்திற்கு உள்ள இந்த நன்மை இலவசம்.

துளையை இன்னும் சுருக்கி எஃப் 22 வைத்தால் இன்னும் தெளிவு கிடைக்குமா? கிடைக்காது. 16 மி.மீ. லென்ஸில் அப்போது துளையின் விட்டம் முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. அலைகள் குறுகிய வாயில் வழியே போகும்போது பரவுவதைக் குட்டைத் தண்ணீரில் பார்த்திருப்பீர்கள். அலைகள் பாடத்தில் ‘பெம்பெலாவான்’ என்று வருவது அதுதான். ஒளியும் அப்படியே பரவும். ஒரு புள்ளியாக விழ வேண்டிய ஒளி எஃப் 22இல் 0.03 மி.மீ. வட்டமாக விரியும். 24 மெகாபிக்சல் உணரியில் ஒரு படக்கூறின் அகலமோ சுமார் 0.004 மி.மீ. எஃப் 8இல் அந்த வட்டம் 0.011 மி.மீ.ஆகச் சுருங்கும். ஆகவே எஃப் 8 போதும். ஒளி குறைந்தால் முக்காலியில் நிறுத்தி நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். எஃப் 2.8க்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் உறுதியான முக்காலி ஒன்று வாங்கி மிச்சமும் பிடிக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் முடிவெடுக்க முடியவில்லையா? இதுவரை நீங்கள் எடுத்த படங்களையே கேளுங்கள். ஒவ்வொரு படத்தோடும் அது எந்தக் குவியத் தூரத்தில் எடுக்கப்பட்டது என்ற விவரம் சேர்ந்தே பதிவாகிறது. கணினியில் படத்தின் விவரங்களைத் திறந்தால் தெரியும். பிடித்த 100 படங்களைத் தேர்ந்து எண்களைப் பட்டை வரைபடமாக வரையுங்கள். 18இல் உயரமான பட்டை நின்றால் அகலம் போதாமல் தவித்திருக்கிறீர்கள். 55இல் குவிந்தால் நீளம் தேவை. நடுவில் பரவிக் கிடந்தால், கையில் இருக்கும் லென்ஸே உங்களுக்குப் போதும். பணத்தைப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அகலம் மட்டும் எப்போதாவது தேவைப்பட்டால் பல படங்களை ஒட்டலாம். கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் 18 மி.மீ. லென்ஸ் பக்கவாட்டில் 47 பாகை காட்டும். மூன்றில் ஒரு பங்கு ஒன்றின்மேல் ஒன்று படியும்படி மூன்று படங்கள் எடுத்து மென்பொருளில் ஒட்டினால் 110 பாகை வரும். தேசாரு கடற்கரைக்கு இது நன்றாகவே வேலை செய்யும், அலை மட்டும் சில சமயம் இரண்டாகத் தெரியும். கண்ணாடிக் கோயிலில் சற்றுக் கடினம்: அருகில் தூணும் தொலைவில் சுவரும் இருப்பதால் கேமரா சிறிது நகர்ந்தாலும் ஒட்டு பொருந்தாது. மேலும் கண்ணாடியில் தெரியும் உருவம் கண்ணாடிப் பரப்பில் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கிறது. கேமரா பரப்பைக் குவித்தால் உருவம் மங்கும், உருவத்தைக் குவித்தால் பரப்பு மங்கும்.

செலவைக் குறைக்கப் பயன்படுத்திய லென்ஸை வாங்குவோர் நம் ஊரில் ஒன்றை மறக்கக்கூடாது: பூஞ்சை. ஈரப்பதம் நிறைந்த நம் காற்றில் அலமாரிக்குள் கிடந்த லென்ஸின் உட்கண்ணாடியில் அது சிலந்தி வலைபோல் படரும். முற்றினால் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிடும், பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது. வாங்குமுன் கைப்பேசி விளக்கைப் பின்புறத்திலிருந்து சாய்வாக அடித்து முன்புறம் வழியே பாருங்கள். சில தூசித் துகள்களால் கெடுதல் இல்லை. நூல்நூலாக ஏதாவது தெரிந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தபின், இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் ஈரம் உறிஞ்சும் மணிகளோடும் சின்ன ஈரப்பதமானியோடும் வைத்து, முள் 40க்கும் 50க்கும் இடையே நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.