பாலைச் செலவும் நீர்க் கணக்கும்

பாலைத் திணைக்கு வேனிலைப் பெரும்பொழுதாகவும் நண்பகலைச் சிறுபொழுதாகவும் வகுத்தார் தொல்காப்பியர். வெம்மையின் கொடுமை முழுதும் வெளிப்படும் காலமும் வேளையும் அவையே. பிரிவின் துயரைப் பாட வந்த புலவனுக்கு அவை பொருத்தமான பொழுதுகள். பாலை நிலத்தைக் கால்நடையாகக் கடக்கப் புறப்படுபவனுக்கோ அவை தவிர்க்கவேண்டிய பொழுதுகள். உணவையும் படுக்கையையும் முதுகிலே சுமந்து, பாலையிலே சில நாள் நடந்து, இரவில் வெட்டவெளியில் தங்கிவரும் வழக்கம் மேலைநாட்டாரிடையே பெருகியுள்ளது. கோடை தொடங்கும் நாளில் அத்தகைய செலவைத் திட்டமிடுவது எங்ஙனம் என்பதை ஓரிடத்தை எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலே கொலராடோ ஆறு அறுத்த பெரும் பள்ளத்தாக்கு கிறாண்ட் கன்யன் எனப்படும். 1919ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக்கப்பட்ட இவ்விடத்தின் தென் விளிம்பு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்திலுள்ளது. ஆறு ஓடும் அடித்தளம் அதற்கு ஏறத்தாழ 1,300 மீற்றர் கீழே கிடக்கிறது. விளிம்பிலே பைன் மரங்களும் குளிர்ந்த காற்றும் உண்டு. அடியிலே, ஜூன் மாதத்து வெப்பம் நிழலிலேயே 38 பாகை செல்சியசைக் கடந்துவிடும்.

மலை ஏறுபவன் களைத்துப்போனால் திரும்பி இறங்கிவிடலாம். இங்கே முறை மாறியுள்ளது. இறக்கம் முதலில், ஏற்றம் பின்னர். விடியற் குளிரிலே கால்கள் எளிதாக இறங்கிவிடுகின்றன. களைத்த பின்னர், வெயிலும் ஏறிய பின்னர், இறங்க எடுத்ததைப்போல் இருமடங்கு நேரம் ஏறவேண்டியிருக்கிறது. உடல் வலிமை மிக்க இளைஞர்களும் இங்கே உயிரிழந்திருப்பதற்கு இதுவே முதற் காரணம்.

வெப்பம் உடலை வருத்தும் முறையை அறிந்தாலன்றித் திட்டம் எதுவும் பயன்தராது. காற்றின் வெப்பம் தோலின் வெப்பமாகிய 35 பாகையைக் கடந்ததும், காற்று உடலைக் குளிர்விப்பதற்குப் பதிலாகச் சூடேற்றத் தொடங்குகிறது. வியர்வை ஆவியாதல் ஒன்றே பின்னர் எஞ்சும் வழி. ஈரலிப்பு மிக்க நம் கரையோரங்களில் வியர்வை வழிவதைக் கண்ணாற் காண்கிறோம். பாலையின் வறண்ட காற்றிலோ அது தோன்றிய கணத்திலேயே மறைந்துவிடும். உடல் நனையவில்லை என்று நடப்பவன் எண்ணியிருக்க, மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றருக்கு மேலும் நீர் அவனைவிட்டு நீங்கக்கூடும்.

இவ்வுண்மைகளை அறிஞர் எளிதிற் பெற்றுவிடவில்லை. 1905ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், அரிசோனாவின் தினகாஸ் அல்டாஸ் என்னும் சுனையருகே டபிள்யூ. ஜே. மக்கீ என்ற அறிஞர் பாசறை அமைத்திருந்தார். ஒரு நாளுக்குரிய நீருடன் ஏறத்தாழ ஏழு நாள் பாலையிலே அலைந்த பப்லோ வலென்சியா என்பவர், உடல் வற்றி, கண்ணும் செவியும் பெரும்பாலும் செயலிழந்த நிலையில் அங்கு வந்து சேர்ந்தார். அவரைப் பேணி உயிர்பிழைக்கச் செய்த மக்கீ, தாம் கண்டவற்றை 1906இல் எழுதி வெளியிட்டார். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே எட்வேர்ட் அடொல்ப் என்பவரும் அவர்தம் குழுவினரும் கலிபோர்ணியப் பாலையிற் போர்வீரரிடையே ஆய்வு நடத்தினர். அதன் முடிவுகள் 1947இல் நூலாயின. குறைந்த நீரோடு வாழ உடலைப் பழக்க முடியாது என்பது அவற்றுள் ஒன்று. இழந்த நீர் முழுவதையும் தாகம் உணர்த்தாது என்பது மற்றொன்று. குப்பியிலே நீரை மிச்சம்பிடித்து வைத்திருப்பவன் அதனாற் காக்கப்படுவதில்லை. குடித்த நீரே அவனைக் காக்கிறது.

ஆகவே, செல்லும் தூரத்தை வரையறுப்பது கால்வலிமையன்று, நீரே. ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம் எடையுள்ளது. நான்கைந்து லீற்றருக்கு மேற் சுமந்தால் அச்சுமையே வியர்வையைப் பெருக்கும். எனவே நீர் கிடைக்கும் இடங்களை முதலிற் குறித்து, அவற்றுக்கிடையே நடையை அமைத்தல் வேண்டும். சவுத் கைபாப் என்னும் பாதையிலே நீருமில்லை, நிழலும் அரிது. அது இறங்குவதற்கே ஏற்றது. பிறைற் ஏஞ்சல் பாதையிலே, விளிம்பிலிருந்து ஏழு கிலோமீற்றர் அளவில் ஹவசுபாய் கார்டன்ஸ் என்னும் சோலையும் நீரும் தங்குமிடமும் உண்டு. ஏற்றத்தை அங்கே இரண்டாகப் பிரித்து, ஓரிரவு தங்கிச் செல்வது அறிவுடைமை. எனினும் 1960களிலே கட்டத் தொடங்கிய பழைய நீர்க்குழாய் அடிக்கடி உடைவதுண்டு. புறப்படும் நாளிலும் நீர்நிலையை விசாரித்தறிதல் கடமை.

அடுத்தது வேளை. காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்குமிடையே நடக்கலாகாது என்பது பூங்கா அதிகாரிகளின் அறிவுரை. ஜூன் மாதத்தில் அங்கு ஐந்து மணியளவிற் பொழுது புலர்கிறது. அதற்கு முன்னரே கைவிளக்குடன் நடைதொடங்கி, பத்து மணிக்குள் நிழலடைந்துவிடவேண்டும். எஞ்சிய பகல் முழுவதும் ஓய்வு. உடலை மறைக்கும் தளர்ந்த பருத்தியாடையை நீரில் நனைத்து அணிவதும், உப்புள்ள உணவை அவ்வப்போது உண்பதும் நலம். உப்பின்றி வெறும் நீரையே மிகுதியாகக் குடிப்பதும் தீங்காகும். குருதியில் உப்பின் அளவு குறைந்து தலைவலியும் குமட்டலும் மதிமயக்கமும் உண்டாகும். இவையே வெப்ப நோயின் குறிகளுமாதலால் ஒன்றை மற்றொன்றாகக் கருதி மயங்குதல் எளிது.

இத்தனையும் அறிந்தவர்களே இடர்ப்படுவதும் உண்டு. பள்ளத்தாக்கினுள் இரவு தங்க அனுமதிச்சீட்டு வேண்டும். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே விண்ணப்பிக்க வேண்டும். விடுமுறை பெற்று, பணம் செலவிட்டு, நெடுந்தூரம் வந்தவனுக்கு வெப்ப எச்சரிக்கையைக் கேட்டதும் திரும்பிவிட மனம் வருவதில்லை. ஆதலால் எந்த வெப்பநிலையிற் புறப்படாதிருப்பது, எந்த மணிக்குள் எந்த இடத்தை அடையாவிட்டால் மீள்வது என்பவற்றை வீட்டிலிருக்கும்போதே எழுதிவைத்து, தோழரும் உடன்பட்டிருத்தல் வேண்டும். வெயிலிலே களைத்த மூளை நல்ல முடிவு செய்யாது.

செலவழுங்குதல் என்பது நம் அகப்பொருள் மரபிற்குப் புதிதன்று. புறப்படக் கருதிய தலைவன் தயங்கி நிற்பதைச் செல்லாமையாகக் கொள்ளலாகாது என்றே இலக்கணம் வகுத்தது. ஜூனிலே இறங்காதவன் ஒக்டோபரிலே இறங்கலாம். வெயில் தணிந்த அக்காலத்திலும் அப்பாதை அங்கேயே இருக்கும்.