இரண்டாவது கொன்ட்ரோலர் உங்களுக்குத்தான்

இராச் சாப்பாடு முடிந்து, கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து, பிள்ளைகளையும் உறங்க வைத்துவிட்டு நீங்கள் முன்னறைக்கு வருகிறீர்கள். கணவர் தொலைக்காட்சிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏதோ ஒரு பொம்மையைத் தாவ வைத்துக்கொண்டிருக்கிறார். "வாங்க, நீங்களும் ஒருக்கா புடிச்சுப் பாருங்க" என்று மற்றைய கொன்ட்ரோலரை நீட்டுகிறார். இரண்டே நிமிடத்தில் உங்கள் பொம்மை குழிக்குள் விழுகிறது. அவர் சிரிக்கிறார். நீங்களும் சிரித்துவிட்டு, "எனக்கு இதெல்லாம் சரிவராது" என்று அதைக் கீழே வைத்துவிடுகிறீர்கள்.

குற்றம் உங்கள் கையில் இல்லை, சகோதரியே. பெரும்பாலும் அவர் தெரிவு செய்த விளையாட்டில்தான் இருக்கிறது.

தட்டிலிருந்து தட்டுக்குத் தாவி, குழிகளைக் கடந்து, எதிர்ப்படுபவற்றை மிதித்துக்கொண்டு போகும் இவ்வகை விளையாட்டுகளை 'பிளட்போம் கேம்' என்பார்கள். தொண்ணூறுகளில் கசட்டைச் செருகி விளையாடும் பெட்டி இருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு மீசைக்கார மாரியோவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1985 இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' இருவர் விளையாடக் கூடியதுதான். ஆனால் எப்படி? ஒருவர் விழுந்த பிறகே மற்றவருக்கு முறை வரும். கைதேர்ந்தவர் விழவே மாட்டார். பழகாதவர் காத்துக்கொண்டே இருப்பார். (அந்த இடைவெளியில் தேநீர் ஊற்ற எழுந்து போனவர்கள் எத்தனை பேரோ!)

1992 இல் வந்த 'சொனிக் 2' காத்திருப்பை நீக்கியது. நீல நிறச் சொனிக் ஒருவருக்கு, இரட்டை வால் நரியான டெய்ல்ஸ் மற்றவருக்கு. ஆனால் திரை சொனிக்கின் பின்னால்தான் ஓடும். பிந்திப் போன டெய்ல்ஸ் எங்கிருந்தோ பறந்து வந்து மறுபடி சேர்ந்துகொள்ளும். சிறு பிள்ளைக்கு அது பெரும் சந்தோசம். மனைவிக்கு அப்படியல்ல, கூட்டிச் செல்லப்படுவது வேறு, கூட நடப்பது வேறு.

ஆகவே ஒரு விளையாட்டை வாங்கும் முன் ஒரேயொரு கேள்வியைக் கேளுங்கள். கை பழகாதவர் தவறும்போது அந்த விளையாட்டு அவரை என்ன செய்கிறது?

இதற்கு மிகப் பழைய, அழகான விடை ஒன்று உண்டு. 1986 இல் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட 'பபிள் பொபிள்'. அதை அமைத்தவர் புகியோ மிட்சுஜி. ஆண் பிள்ளைகள் மொய்த்துக்கிடந்த விளையாட்டுக் கூடங்களுக்குப் பெண்களும், ஜோடியாகப் போகிறவர்களும் வரவேண்டும் என்பது அவருடைய எண்ணம். இரண்டு குட்டி ட்ராகன்கள் வாயால் குமிழி ஊதி எதிரிகளை அதற்குள் அடைத்து உடைக்க வேண்டும். நூறு தளங்கள். ஒவ்வொரு தளமும் ஒரே திரைக்குள் அடங்கிவிடுவதால் யாரும் யாரையும் விட்டுவிட்டு ஓட முடியாது. நூறாவது தளம் வரை தனியே போய் வென்றவருக்கு நல்ல முடிவு கிடைக்காது. துணையோடு வரும்படி அது சொல்லியனுப்பிவிடும்! கடைசித் தளத்தில் நிற்பவன் போத்தல் எறியும் குடிகாரன் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். 2019 இல் சுவிட்ச் பெட்டிக்கு வெளிவந்த 'பபிள் பொபிள் 4 ஃப்ரெண்ட்ஸ்' என்பதற்குள் இந்தப் பழைய விளையாட்டும் இருக்கிறது.

கடையில் பலரும் முதலில் எடுத்துக் காட்டுவது 'நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' வரிசையை. 2009 இல் 'வீ' பெட்டிக்கு வந்ததில் நால்வர் ஒன்றாக ஓடலாம். ஆனால் ஒருவரோடு ஒருவர் முட்டுவார்கள், தலையில் மிதிப்பார்கள், தூக்கிக் குழிக்குள்ளும் எறிவார்கள். பிள்ளைகளுக்குக் கும்மாளம்தான். நாள் முழுக்க வேலை செய்து களைத்த இருவருக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். உங்களுக்கு ஏற்றது 2023 இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டர்'. இதில் சாதாரணமாக ஒருவரையொருவர் இடிக்க முடியாது. விழுந்தவர் ஆவியுருவாகி மிதந்து வந்து சில விநாடிகளுக்குள் துணையைத் தொட்டால் மீண்டும் உயிர் பெறுவார். யோஷி அல்லது நாபிட் என்ற பாத்திரத்தை எடுத்துக்கொண்டால் எதிரிகள் பட்டும் காயமில்லை. அதை எடுப்பதில் வெட்கம் வேண்டாம். நீங்களும் ஒருநாளில் அப்பம் சுடப் பழகவில்லையே!

வாங்கும்போது ஒரு கவனம். சுவிட்ச் பெட்டியின் இரு பக்கக் கைப்பிடிகளையும் கழற்றினால் ஆளுக்கொன்றாக இரு சிறு கொன்ட்ரோலர்கள் கிடைத்துவிடும். இந்த மாரியோவுக்கு அதுவே போதும். விலை குறைந்த 'சுவிட்ச் லைட்' பெட்டியில் அவை கழராது, அதைத் தொலைக்காட்சியில் இணைக்கவும் முடியாது.

சத்தம் சந்தடி வேண்டாம், அமைதியாக இருக்க வேண்டும் என்போருக்கு 'அன்ரவல் டூ'. சுவீடனில் செய்யப்பட்டது, 2018 இல் வெளியானது. கம்பளி நூலால் ஆன இரு சிறு உருவங்கள் ஒரே நூலால் கட்டப்பட்டிருக்கும். ஒருவர் மேலே ஏறிப் பிடித்துக்கொள்ள, மற்றவர் நூலில் ஊஞ்சலாடித் தாவலாம். கடினமான இடம் வந்தால் ஒருவர் மற்றவரோடு ஒன்றாகிவிட, சுமப்பவரே தாவிக்கொள்வார். அப்பால் போனதும் இறங்கிவிடலாம். பின்னணியில் நிழல்போல ஓடும் கதையில் பெரியவர்கள் சிறுவரைத் துன்புறுத்தும் காட்சிகள் உண்டு. பிள்ளைகள் உறங்கிய பின் போடுங்கள்.

இனி, கணவன் மனைவியைப் பற்றியே ஆன விளையாட்டு. 2021 இல் வந்த 'இட் டேக்ஸ் டூ'. லெபனானில் பிறந்து சுவீடனில் வளர்ந்த திரைப்பட இயக்குநர் ஜோசப் பாரெஸின் கைவண்ணம் இது. கோடி, மே என்ற தம்பதியர் பிரியப் போவதாக மகள் ரோஸிடம் சொல்கிறார்கள். அவள் அழுது சிந்திய கண்ணீரில் இருவரும் அவள் செய்த பொம்மைகளாக மாறிவிடுகிறார்கள். சொந்த வீட்டின் கொட்டிலும் தோட்டமும் அவர்களுக்குக் காடு மலைபோல ஆகிவிடுகின்றன. தனி ஒருவரால் இதை விளையாடவே முடியாது. ஓரிடத்தில் அவர் கையில் ஆணி, உங்கள் கையில் சுத்தியல். அவர் ஆணியை எறிந்து சுவரில் பதித்தால்தான் நீங்கள் அதில் தொங்கி அப்பால் போகலாம்; நீங்கள் போய் வழி திறந்தால்தான் அவர் வரலாம். எவ்வளவு கெட்டிக்காரரானாலும் உங்களுக்காகக் காத்து நிற்கத்தான் வேண்டும். "கொஞ்சம் பொறுங்க, இப்ப எறியுங்க" என்று வாய் திறந்து பேசாமல் ஓரடி நகராது. தவறினால் சற்று நேரத்தில் அதே இடத்தில் எழுந்துவிடலாம்.

குறையும் இருக்கிறது. மகளை அழவைப்பதற்காக அவளுக்குப் பிரியமான யானைப் பொம்மையை அந்த இருவரும் இழுத்துச் சென்று சிதைக்கும் காட்சி ஒன்று வரும். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஒருவரையொருவர் குத்திப் பேசும் பேச்சும் ஆரம்பத்தில் நிறைய. பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விளையாட உகந்ததல்ல.

கணவர் வெளிநாட்டில் இருந்தால்? இதே விளையாட்டில் 'ஃப்ரெண்ட்ஸ் பாஸ்' என்ற வசதி உண்டு. ஒருவர் காசு கொடுத்து வாங்கினால் போதும். மற்றவர் இலவசமாக இறக்கிக்கொண்டு இணையம் வழியாகச் சேரலாம். இருவரிடமும் ஒரே வகைப் பெட்டி இருக்க வேண்டும், சில பெட்டிகளில் இணைய விளையாட்டுக்குத் தனிச் சந்தாவும் கட்ட வேண்டும். சவூதியிலோ கட்டாரிலோ இரவு ஒன்பது மணி என்றால் இங்கே பதினொன்றரை. பகல் வேலைக்குப் பின் கண் சொருகும். அவருக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமைப் பின்னேரத்தை ஒதுக்கிக்கொண்டால் இருவருக்கும் இலகு.